ஆவடியில் இழுபறி: 1,395 ஓட்டில் முடிந்த போட்டி

ஓட்டு எண்ணும் நாள் என்றால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் யாருக்கும் வேலை ஓடாது. மளிகைக் கடையில் எடை போடுகிறவரின் கண் டி.வி. மேல் இருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்து மிஷின் சுற்றும். காது மட்டும் வெளியே இருக்கும். மின்சார ரயிலில் ஏறினால், முன்பின் தெரியாத ஆள்கூட தோளைத் தொட்டு நிலவரம் கேட்பார்.

"நம்ம ஆளு முன்னணியாமே சார்?"

"அது தபால் ஓட்டுப்பா. மிஷினையே இன்னும் தொறக்கல!"

காலை 8 மணிக்கு ஆரம்பிக்கும் இந்தப் பேச்சு, கடைசி ரவுண்டு முடியும்வரை ஓயாது.

ஆவடிக்காரர்களுக்கு அப்படி மறக்க முடியாத ஒரு நாள் உண்டு. அது 2016-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி.

நூலிழை வெற்றி

அன்று தமிழக சட்டசபைத் தேர்தல் ஓட்டுகள் எண்ணப்பட்டன. அம்பத்தூரில் அ.தி.மு.க. வேட்பாளர் அலெக்சாண்டர் 17 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பூந்தமல்லியில் அதே கட்சியின் ஏழுமலை 11 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆவடியில்தான் இழுபறி.

அ.தி.மு.க. சார்பில் மாபா பாண்டியராஜன். தி.மு.க. சார்பில் சா.மு.நாசர். இருவருமே லட்சம் ஓட்டைத் தாண்டினார்கள்.

பாண்டியராஜனுக்கு 1 லட்சத்து 8 ஆயிரத்து 64 ஓட்டு. நாசருக்கு 1 லட்சத்து 6 ஆயிரத்து 669 ஓட்டு. வித்தியாசம் வெறும் 1,395!

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு இன்னும் சுவையாக இருக்கிறது. ஜெயித்தவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் 698 பேர் மட்டும் மனம் மாறி எதிர்த்தரப்புக்குப் போட்டிருந்தால் முடிவு தலைகீழ். 698 பேர் என்றால் எவ்வளவு? பட்டாபிராமிலோ திருமுல்லைவாயலிலோ ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்த ஒரே ஒரு ஓட்டுச்சாவடிக்கு அன்று வந்துபோன கூட்டம் அவ்வளவு இருக்கும். காலை நேரத்தில் ஆவடியை விட்டுப் புறப்படும் மின்சார ரயிலில் பாதி வண்டிக் கூட்டம்கூட இல்லை.

"நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போவுது?" என்று வீட்டில் இருந்துவிட்டவர்கள் அதைப்போல் பல மடங்கு!

மேஜை மேல் என்ன நடக்கிறது?

வெளியே வெடியும் மாலையும் தயாராக இருக்கும்போது உள்ளே நடப்பது வேறு. அங்கே சத்தம் இல்லை, கணக்குதான்.

முதலில் தபால் ஓட்டு. தேர்தல் வேலைக்குப் போன அரசு ஊழியர்கள், எல்லையில் இருக்கும் ராணுவத்தினர் போன்றவர்களின் ஓட்டு இது. அரை மணி நேரம் கழித்து மின்னணு ஓட்டு எந்திரம் மேஜைக்கு வரும். சீல் சரியாக இருக்கிறதா, எந்திர நம்பர் பொருந்துகிறதா என்று கட்சி ஏஜெண்டுகள் கம்பி வலைக்கு அப்பால் இருந்து பார்ப்பார்கள். பிறகு பட்டனை அமுக்கினால் யாருக்கு எத்தனை என்று எந்திரம் வரிசையாகச் சொல்லும்.

ஏஜெண்டு கையில் ஒரு காகிதம் இருக்கும். ஓட்டுப்பதிவு முடிந்த அன்று மாலையே சாவடியில் எழுதிக் கொடுத்த 17-சி படிவத்தின் நகல் அது. மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்பது அதில் இருக்கும். எந்திரம் காட்டும் மொத்தமும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். அனுபவசாலி ஏஜெண்டு முதலில் பார்ப்பது தன் கட்சி ஓட்டை அல்ல, இந்தக் கூட்டுத் தொகையைத்தான்.

2019-ல் சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவுப்படி, சட்டசபைத் தொகுதிக்கு 5 சாவடிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, எந்திரம் அச்சடித்த சீட்டுகளையும் எண்ணி ஒப்பிட வேண்டும்.

ரவுண்டு மாறினால் காற்று மாறும்

காலையில் முன்னணி, மதியம் பின்னடைவு, மாலையில் மறுபடி முன்னணி. இதில் மாயம் ஒன்றும் இல்லை.

சாவடிகளுக்கு ஊர் வரிசையாக எண் கொடுத்திருப்பார்கள். வழக்கப்படி 14 மேஜை போட்டால், முதல் ரவுண்டில் எண்ணப்படுவது 1 முதல் 14 வரை உள்ள சாவடிகள். அடுத்த ரவுண்டில் அடுத்த 14. ஆகவே ஒவ்வொரு ரவுண்டும் ஒரு வட்டாரத்தின் குரல். ஒரு கட்சியின் கோட்டையான தெருக்கள் முதல் ரவுண்டில் வந்தால் அந்தக் கட்சி எகிறும். மறு கட்சிக்குச் செல்வாக்கு உள்ள வட்டாரம் வந்ததும் இறங்கும்.

அதனால்தான் பழம் தின்று கொட்டை போட்ட கட்சிக்காரர்கள், "எவ்வளவு முன்னணி?" என்று கேட்பதில்லை. "எந்தப் பக்கத்து பெட்டி இன்னும் பாக்கி?" என்றுதான் கேட்பார்கள்.

2021-ல் காட்பாடியில் இதுதான் நடந்தது. தி.மு.க. பொதுச்செயலாளர் துரைமுருகன் பல ரவுண்டுகள் பின்தங்கியே இருந்தார். முடிவில் 746 ஓட்டில் கரையேறினார்.

ஓட்டுச்சீட்டுக் காலத்தில் இந்தத் தவிப்பு இரவு முழுக்க நீளும். சீட்டுகளைப் பிரித்து, கட்டுக்கட்டாகக் கட்டி எண்ண வேண்டும். மாலைப் பத்திரிகை ரயில் நிலையத்துக்கு வந்து சேரும்போது பல தொகுதிகளுக்கு 'முன்னணி நிலவரம்' மட்டுமே அச்சாகியிருக்கும். 2001 சட்டசபைத் தேர்தலில் எந்திரம் வந்த பிறகு நேரம் குறைந்தது. படபடப்பு குறையவில்லை.

அதே நாளில் இன்னும் மூவர்

2016 மே 19-ந் தேதி ஆவடியை விடவும் நெருக்கமான முடிவுகள் வந்தன. பெரம்பூரில் வெற்றிவேல் 519 ஓட்டில் ஜெயித்தார். காட்டுமன்னார்கோவிலில் தொல்.திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். ராதாபுரத்தில் தி.மு.க. வேட்பாளர் அப்பாவு 49 ஓட்டில் அ.தி.மு.க. இன்பதுரையிடம் தோற்றார்.

ராதாபுரம் கதை அன்றோடு முடியவில்லை. 203 தபால் ஓட்டுகளைத் தள்ளுபடி செய்தது சரியா என்பதுதான் சண்டை. அவற்றில் சான்றொப்பம் போட்டவர் நடுநிலைப்பள்ளி தலைமை ஆசிரியர்; அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வி ஐகோர்ட்டுக்குப் போனது. 'உண்டு' என்றது ஐகோர்ட்டு. தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-வது ரவுண்டுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. 2019 அக்டோபர் 4-ந் தேதி எண்ணி முடித்தார்கள். ஆனால் முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. 5 ஆண்டு பதவிக்காலமே ஓடி முடிந்தது. 2021 தேர்தலில் அப்பாவு அதே ராதாபுரத்தில் ஜெயித்து சபாநாயகரும் ஆனார்.

தோற்றவர் என்ன செய்யலாம்?

மறு எண்ணிக்கை கேட்க சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் முடிவை அறிவிக்கும் முன்பே, காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்பதா மறுப்பதா என்பதைத் தேர்தல் அதிகாரி காரணம் சொல்லி எழுத்தில் தர வேண்டும். அறிவிப்பு வந்துவிட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை. 45 நாட்களுக்குள் ஐகோர்ட்டில் தேர்தல் வழக்குப் போடுவதுதான் ஒரே வழி.

சரி, இரண்டு பேருக்கும் ஓட்டு சரிசமமாக வந்தால்? சீட்டுக் குலுக்கல்தான்! யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாக விழுந்ததாகக் கணக்கு.

ஒற்றை ஓட்டில் போன பதவியும் உண்டு. 2008-ல் ராஜஸ்தானில் காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி.ஜோஷி, நாத்துவாரா தொகுதியில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அதற்கு முன்பு 2004-ல் கர்நாடகத்தில் சாந்தேமரஹள்ளி தொகுதியில் கிருஷ்ணமூர்த்தி என்பவரும் ஒரே ஓட்டில் தோற்றார்.

சென்னையிலும் தூரம் போக வேண்டாம். 2021-ல் தியாகராயநகரில் தி.மு.க. ஜெ.கருணாநிதி பெற்றது 56 ஆயிரத்து 35. அ.தி.மு.க. சத்தியநாராயணன் பெற்றது 55 ஆயிரத்து 898. வித்தியாசம் 137. ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக் கடைக்குள் ஒரே நேரத்தில் நிற்கும் கூட்டம் இதை விட அதிகம்!

வட்டியும் முதலும்

ஆவடிக்குத் திரும்புவோம். 1,395 ஓட்டில் ஜெயித்த பாண்டியராஜன் சில மாதங்களில் அமைச்சர் ஆனார். தோற்ற நாசர் தொகுதியை விடவில்லை.

2021 மே 2-ந் தேதி. மறுபடி அதே இருவர். கொரோனா காலம் என்பதால் வெற்றி ஊர்வலத்துக்குத் தேர்தல் கமிஷன் தடை போட்டிருந்தது. மேளம் இல்லை, தாரை தப்பட்டை இல்லை. ஆனால் எண்ணிக்கை முடிந்தபோது இழுபறியும் இல்லை. நாசர் 55 ஆயிரத்து 275 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வட்டியும் முதலுமாகக் கணக்கு தீர்ந்தது. அவரும் அமைச்சர் ஆனார்.

அதே ஊர். அதே தெருக்கள். அதே இரண்டு வேட்பாளர்கள். 5 ஆண்டில் 1,395 என்பது 55 ஆயிரத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆவடி டீக்கடைகளில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகும். 55 ஆயிரத்தில் ஜெயித்த தேர்தலை யாரும் அவ்வளவாக நினைவில் வைத்திருப்பதில்லை. 1,395 ஓட்டில் முடிந்ததைத்தான் திரும்பத் திரும்பப் பேசுவார்கள்.

"அன்னிக்கு எங்க வீட்ல மூணு ஓட்டு போடாம விட்டோம்ணே" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும். "எங்க தெருவுல முப்பது" என்பார் அடுத்தவர்.

டீ ஆறிப்போகும். கணக்கு மட்டும் ஆறாது.