டிரெய்லர் லாரியின் "ஐந்தாவது சக்கரம்"

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதுமா?

மும்பை அருகே நவா ஷேவா துறைமுகத்தில் இருந்து கண்டெய்னர் ஏற்றி வரும் டிரெய்லர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். இழுக்கும் வண்டியின் முதுகில் லாட வடிவில் கனத்த இரும்புத் தட்டு ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் "ஐந்தாவது சக்கரம்". பெயர்தான் சக்கரம், சாலையில் உருளாது! டிரெய்லரின் அடியில் உள்ள "கிங் பின்" என்ற முளை அதில் பூட்டிக்கொள்ளும்.

டிரெய்லரின் பாரம் முழுவதும் அதன் சக்கரங்கள் மீது இறங்குவதில்லை. ஒரு பங்கு இந்தத் தட்டு வழியாக இழுக்கும் வண்டியின் மேல் விழுகிறது. சரக்கை முன்னால் தள்ளி வைத்தால் அந்தப் பங்கு கூடும். டயர் சூடேறி வெடிக்கலாம். அதிகம் பின்னால் வைத்தால் பங்கு குறையும். கண்டாலா மலைப்பாதை ஏற்றத்தில் சக்கரம் பிடிப்பு இல்லாமல் வழுக்கலாம்.

ஆகவே எடை மேடையில் மொத்த எடையோடு, ஒவ்வொரு அச்சின் எடையையும் பார்ப்பது நல்லது. 4 டயர் உள்ள ஒற்றை அச்சுக்கான வரம்பு 2018-ல் 10.2 டன்னில் இருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. ஆனாலும் ஆர்.சி.யில் பதிவான எடையைத் தாண்டக் கூடாது.

தாண்டினால், 2019 சட்டத் திருத்தப்படி ரூ.20 ஆயிரம் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2 ஆயிரம். அதிகப்படி சரக்கை இறக்காமல் வண்டி நகர முடியாது. ஓட்டியவர், ஓட்டச் செய்தவர் இருவருமே பொறுப்பு.

பில்டியில் எடையைக் குறைத்து எழுதினால், மிச்ச பாரம் டிரைவரின் தலையில்தான் இறங்கும்!