கணக்குக் காட்டியவரும் அவர் சுற்றத்தாரும்

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பெற்ற இரு சாசனங்களை நம் பிரசங்கிகள் மேடைதோறும் புகழ்ந்து வருகின்றனர். குடவோலை என்றும், முப்பது குடும்பு என்றும், ஏதுமறியாச் சிறுவன் கையால் ஓலை எடுப்பது என்றும் சொல்லிக் கரகோஷம் பெற்று இறங்கிவிடுகின்றனர். அச்சாசனத்தில் வக்கீல்கள் ஊன்றிப் படிக்கத்தக்க வேறொரு ஷரத்து உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவனோடு போயிற்றா? இல்லை. அவன் தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், அத்தை மக்கள், சிற்றன்னை பெரியன்னை மக்கள் என்று சுற்றத்தார் பெயர்களும் வரிசையாக விலக்கப்படுகின்றன.

அச்சபை பிராமணர் சபை. கால் வேலி இறைநிலமும் வேதப் பயிற்சியும் உடையவர்க்கே அங்கே இடமிருந்தது. உழுதவனுக்கும் ஸ்திரீகளுக்கும் இடமில்லை. அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது நமக்குச் சம்மதமன்று. எனினும் மேற்சொன்ன ஷரத்தின் நியாயத்தைக் கவனிக்க வேண்டும். உறவினன் என்ற ஒரே காரணத்திற்காக எவனையும் அது தள்ளவில்லை. முன்னவன் கணக்குக் காட்டினானா என்பதே கேள்வி. குடும்ப அரசியல் கூடும், கூடாது என்று இன்று கூச்சலிடும் இரு கட்சியாரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை.

உத்தரமேரூர் அடங்கிய பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலேயே இதற்கோர் உதாரணம் இருக்கிறது. பூந்தமல்லிக்கு அடுத்த நசரத்பேட்டையில் 1897ல் பிறந்தவர் ஸ்ரீ எம். பக்தவத்ஸலம். சிறு வயதில் தந்தையை இழந்து, சிற்றப்பன்மார் ஆதரவில் வளர்ந்தார். அவர்களில் ஒருவரான ஸ்ரீ சி. என். முத்துரங்க முதலியார் காங்கிரஸ் தலைவர், மத்திய சட்டசபை அங்கத்தினர். ஆகவே ராஜீய வாசல் இவருக்குத் திறந்தே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்நாளில் அவ்வாசல் வழியே சென்றவர் முதலிற் சேர்ந்த இடம் சிறைச்சாலை. வக்கீல் பரீட்சை தேறிய இவர் வேதாரண்ய உப்பு சத்தியாக்கிரகத்தில் காயமுற்றார். 1942 இயக்கத்திலும் சிறை புகுந்தார். 1937ல் ராஜாஜி மந்திரிசபையில் பார்லிமெண்டரி காரியதரிசி, ஓமந்தூரார் காலத்தில் மராமத்து மந்திரி. 1952ல் தோல்வி. பின்னர் காமராஜர் மந்திரிசபையில் இடம். காமராஜர் பதவி துறந்ததும் 1963 அக்டோபர் 2ந் தேதி முதல் மந்திரி.

அயர்லாந்தில் வில்லியம் காஸ்கிரேவ் 1916 கிளர்ச்சியில் மரண தண்டனை விதிக்கப்பெற்றுத் தப்பி, 1922 முதல் பத்து வருஷம் சுதந்திர ராஜ்யத்தின் நிர்வாகத் தலைவராயிருந்தார். அவர் மகன் லியாம் 1943ல், தந்தை அங்கத்தினராயிருக்கும்போதே, அதே பார்லிமெண்டில் புகுந்து, 1973ல் பிரதம மந்திரியானார். 1977ல் ஜனங்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினர். தந்தையின் தியாகத்தை மகன் கணக்கில் வரவு வைக்க ஐரிஷ் வோட்டர்கள் இசையவில்லை. நம்மவரும் அப்படித்தான் செய்தனர்.

ஸ்ரீ பக்தவத்ஸலம் நிர்வாகத்தில் சமர்த்தர். கோப்புகளை வரிவரியாகப் படிப்பவர் என்று எதிரிகளும் ஒப்புவர். ஆயினும் கோப்பில் வராத விஷயங்கள் உண்டல்லவா? 1965 ஜனவரி 26ல் ஹிந்தி ஆட்சி மொழியாவதை எதிர்த்து மாணவர் எழுந்தபோது, அதை அவர் சட்டம் ஒழுங்குப் பிரச்னையாகவே பார்த்தார். தி.மு.க. தலைவர்கள் கைதாயினர், துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, உயிர்கள் மடிந்தன. பிப்ரவரியில் இரு மத்திய மந்திரிகள், ஸ்ரீ சி. சுப்பிரமணியமும் ஸ்ரீ ஓ. வி. அளகேசனும், ராஜிநாமாக் கடிதம் கொடுத்தனர். அளகேசனும் இந்தச் செங்கற்பட்டு ஜில்லாக்காரரே, இந்தக் கட்சியினரே! ராஜிநாமா ஏற்கப்படவில்லை என்பது வேறு விஷயம். ஊர் எரிகிறது என்று டில்லிக்கு உரைக்க அவருக்குத் தோன்றிற்று; கோட்டையில் இருந்தவருக்குத் தோன்றவில்லை. நாற்பது வருஷம் ஜனங்களோடு உழைத்தவருக்கு இது எப்படி நேர்ந்தது என்பதே நமக்கு விளங்காத புதிர். போலீஸ் ரிபோர்ட்டையே நம்பியிருந்தவருக்குத் தெருவின் குரல் கேட்கவில்லை போலும். அதன் மேல் அரிசிப் பஞ்சம் வேறு.

1967ல் ஸ்ரீபெரும்புதூர் வோட்டர்கள் அவரைத் தோற்கடித்தனர். விருதுநகரில் காமராஜரும் தோற்றார். மார்ச் 6ந் தேதி விலகிய அந்த மந்திரிசபைக்குப் பிறகு, தமிழ்நாட்டில் காங்கிரஸ் முதல் மந்திரி எவரும் பதவி ஏற்றதில்லை. அவர் மீதிருந்த கோபம் கட்சி முழுதையும் சுட்டது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அவர் ஒளிந்துகொள்ளவில்லை, தம் ஜில்லாவிலேயே நின்று, தீர்ப்பை நேரே வாங்கிக்கொண்டார். சாசனத்தின் பாஷையில் சொன்னால், கணக்குக் காட்டியவர். 1987ல் காலமானார்.

குமாரத்தி ஸ்ரீமதி சரோஜினி வரதப்பன் தேர்தலை நாடாமல் மாதர் சேவையில் நின்று, 2009ல் பத்மபூஷண் பெற்றார். மகள் வழிப் பேத்தி ஸ்ரீமதி ஜயந்தி நடராஜன், பாட்டனாரைப் போலவே வக்கீல். 1986 முதல் நான்கு முறை ராஜ்ய சபை அங்கத்தினர். 2011 முதல் 2013 வரை சுற்றுச்சூழல் மந்திரி. 2015ல் காங்கிரஸை விட்டு விலகினார். அவரது திறமையில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் ராஜ்ய சபைக்கு வோட்டளிப்பவர் சட்டசபை அங்கத்தினர். அவர்களை நடத்துவது கட்சித் தலைமை. பாட்டனார் 1967ல் நின்றதுபோல் ஊரார் முன் நின்று கணக்கொப்புவிக்க அவ்வழியில் இடமே இல்லை.

நம் சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1951ஆம் வருஷத்திய ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி, தேர்தல் செலவுக் கணக்குத் தாக்கல் செய்யாத அபேட்சகரை மூன்று வருஷம் விலக்கி வைக்கலாம். விலக்கு அவருக்கு மட்டுமே. மகனோ மருமகனோ மறுநாளே மனுக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறார்கள். ஆட்சிக் கணக்கைப் பற்றி அப்பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை.