பாங்கி கொடுப்பது தர்மமா? கடனா?
விழுப்புரம், திண்டிவனம் பெண்கள் வட்டிக்காரர் பிடியில் இருந்து மீண்ட கதை

விழுப்புரம்:

ஜாமீன் போட ஆள் இல்லை. அடமானம் வைக்க நிலம் இல்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு தவிர நகையும் இல்லை.

அப்படிப்பட்ட பெண்களை நம்பி ஒரு பாங்கி பணம் கொடுத்தது. கொடுத்த பணம் திரும்பியும் வந்தது!

இது விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நடந்த உண்மைக் கதை. பாங்கிகள் செய்யும் 'தான தர்மம்' பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

100-க்கு 1 ரூபாய்

பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, ஆஸ்பத்திரிக்கு சக்கர நாற்காலி, தெருவுக்குக் குடிநீர்த் தொட்டி. 'இன்ன பாங்கியின் அன்பளிப்பு' என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

"இவ்வளவு பெரிய பாங்கி, இவ்வளவுதானா கொடுக்கும்?" என்று கேட்பவர்களும் உண்டு.

இதற்குக் காரணம் இருக்கிறது. பாங்கியில் இருப்பது பாங்கியின் பணம் அல்ல. அது நீங்களும் நானும் போட்டு வைத்த பணம். அதை எடுத்து இஷ்டம் போல் தானம் செய்ய முடியாது.

லாபம் சம்பாதிக்கும் பாங்கி, முந்தைய ஆண்டு லாபத்தில் 100-க்கு 1 ரூபாய் வரை நன்கொடை கொடுக்கலாம் என்று 2005-ம் ஆண்டு ரிசர்வ் பாங்கி விதி வகுத்தது. நஷ்டத்தில் ஓடும் பாங்கிக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய்தான் உச்சவரம்பு.

தனியார் பாங்கிகளின் கணக்கு வேறு. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் 3 ஆண்டு சராசரி லாபத்தில் 100-க்கு 2 ரூபாயைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். கம்பெனியாகப் பதிவான தனியார் பாங்கிகளும் இதில் அடக்கம்.

ஆனால் விழுப்புரம் பெண்களின் வாழ்க்கையை மாற்றியது இந்த 1 ரூபாயும் அல்ல, 2 ரூபாயும் அல்ல. கடன்தான்!

திவாலில் பிறந்த பாங்கி

விழுப்புரம் மாவட்டத்தின் முன்னோடி பாங்கி, இந்தியன் பாங்கி. இது பிறந்த கதையே சுவையானது.

1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையில் 'அர்பத்நாட்' என்ற வெள்ளைக்காரக் கம்பெனி திவால் ஆனது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் முடங்கியது. கம்பெனியின் முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து, 18 மாதம் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது.

'நம் பணத்துக்கு நம் பாங்கி வேண்டும்' என்று வக்கீல் வி.கிருஷ்ணசாமி அய்யர் முதலானோர் கிளம்பினார்கள். 1907-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியன் பாங்கி திறக்கப்பட்டது. 1969-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி தேசியமயம் ஆன 14 பாங்கிகளில் இதுவும் ஒன்று.

தேசியமயம் ஆனாலும் பாங்கி வாசல்படி ஏழைப் பெண்ணுக்கு உயரமாகவே இருந்தது. கையெழுத்து தெரியாதவர், சொத்து இல்லாதவர் உள்ளே போய் என்ன கேட்பது?

ரோமாபுரியில் இருந்து வந்த பணம்

1989-ம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில் ஒரு புதுத் திட்டம் தொடங்கியது. ரோம் நகரில் உள்ள சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் பண உதவி செய்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் திட்டத்தை நடத்தியது. தொண்டு நிறுவனங்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களைத் திரட்டின. கடன் கொடுத்தது இந்தியன் பாங்கி.

1990-களின் தொடக்கத்தில் இந்தத் திட்டம் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. 1993-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. திட்டம் தொடர்ந்தது. 1997-ல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பரவத் தொடங்கியது.

கணக்கைப் பாருங்கள்!

மல்லாட்டை உடைக்கிற பெண், மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போகிற பெண், தலைச்சுமையாகக் காய்கறி விற்கிற பெண். இவர்கள் அவசரத்துக்கு யாரிடம் போவார்கள்? வட்டிக்காரரிடம்தான்.

10 ரூபாய் வட்டிக்கு 5 ஆயிரம் வாங்கினால், மாதம் 500 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 6 ஆயிரம். வாங்கிய தொகையை விட வட்டி அதிகம்! அசல் அப்படியே நிற்கும்.

குழுவின் கணக்கு வேறு மாதிரி.

ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் வரை இருப்பார்கள். 15 பேர் சேர்ந்து வாரம் ஆளுக்கு 50 ரூபாய் போடுகிறார்கள் என்று வையுங்கள். வாரம் 750 ரூபாய். 26 வாரத்தில், அதாவது ஆறு மாதத்தில், 19 ஆயிரத்து 500 ரூபாய் சேர்ந்துவிடும்.

இந்தப் பணத்தில் இருந்து அவர்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வார்கள். 2 ரூபாய் வட்டி வைத்தாலும் 5 ஆயிரத்துக்கு மாதம் 100 ரூபாய்தான். அந்த வட்டியும் வெளியே போகாது. குழுவின் பொதுப் பணத்தில் சேரும்.

ஆறு மாதம் கழித்து பாங்கி அதிகாரி நோட்டைப் புரட்டுவார். கூட்டம் ஒழுங்காக நடந்ததா? சேமிப்பு ஒழுங்காக வந்ததா? உள்கடன் திரும்பியதா? எல்லாம் சரியாக இருந்தால் பாங்கி கடன் கிடைக்கும். ஜாமீன் கேட்பதில்லை. அந்த நோட்டுதான் ஜாமீன்!

ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்ற 14 பேருக்கும் அடுத்த கடன் சிக்கலாகும். அதனால் ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்திருப்பார்கள்.

1992-ல் நபார்டு பாங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வைத்து இதே முறையைச் சோதித்துப் பார்த்தது. இன்று நாட்டில் லட்சக்கணக்கான குழுக்கள் இருக்கின்றன.

சோறு போட்டு தொழில் கற்றுத் தருகிறார்கள்

கையில் பணம் வந்தால் மட்டும் போதாது. தொழில் தெரிய வேண்டும்.

1982-ல் கர்நாடகத்தில் தர்மஸ்தலா அறக்கட்டளையும், சிண்டிகேட், கனரா பாங்கிகளும் கூட்டுச் சேர்ந்து, உஜிரே என்ற ஊரில் இலவசத் தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கின. அதைப் பார்த்து மாவட்டத்துக்கு ஒரு பயிற்சி நிலையம் அமைக்க மத்திய அரசு ஏற்பாடு செய்தது.

விழுப்புரத்தில் இந்தியன் பாங்கியின் கிராம வளர்ச்சி அறக்கட்டளை சார்பில் இத்தகைய நிலையம் இருக்கிறது. தையல், ஆடு வளர்ப்பு, செல்போன் ரிப்பேர் போன்ற தொழில்களைக் கற்றுத் தருவது இந்த நிலையங்களின் வேலை. கட்டணம் கிடையாது. சாப்பாடும் தங்கும் இடமும் இலவசம். படித்து முடித்தவருக்குக் கடன் பெற வழிகாட்ட வேண்டியதும் நிலையத்தின் பொறுப்பு.

தண்ணீர் வடிந்தது, தவணை?

எல்லாம் நல்லபடியாகவே நடக்கிறது என்று சொல்ல முடியாது. பெண் பெயரில் வாங்கிய கடனைப் புருஷன் எடுத்துப் போவது உண்டு. நோட்டுப் புத்தகத்தை ஒரே ஆள் கையில் விட்டு ஏமாந்த குழுக்களும் உண்டு.

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது! பயிர் போனது, ஆடு மாடு போனது. பாதித்த குடும்பங்களுக்கு அரசு 2 ஆயிரம் ரூபாய் கொடுத்தது.

தண்ணீர் வடிந்துவிடும். தவணைத் தேதி வடியுமா?

இயற்கைச் சேதம் நடந்த பகுதியில் தவணையை மாற்றி அமைக்க ரிசர்வ் பாங்கி விதிகளில் இடம் உண்டு. பாதித்தவர்கள் சும்மா இருந்துவிடாமல், கிளைக்குப் போய் மனு கொடுத்துக் கேட்க வேண்டும்.

பாங்கி தவணைக்காக வெளியே வாரக் கடன் வாங்கினால் ஆபத்து. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது என்று கழுத்து நெரியும். கந்து வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழக அரசு சட்டம் கொண்டு வந்தது. கடன் வசூலில் மிரட்டல், பலாத்காரம் செய்பவர்களைத் தண்டிக்க 2025-ல் தனிச் சட்டம் வந்தது.

எச்சரிக்கை!

'டிரஸ்டு பணம் வந்திருக்கிறது, பாதி தள்ளுபடி, முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்று யாராவது வந்தால், ஒரு பைசா கொடுக்காதீர்கள். குழுக் கடனுக்குப் புரோக்கர் தேவை இல்லை. நேராகப் பாங்கிக் கிளைக்கோ, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மகளிர் திட்டப் பிரிவுக்கோ போகலாம்.

போனில் பேசிப் பணம் பறித்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். பாங்கி மீதே குறை என்றால் முதலில் கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும். தீராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் 14448 எண் இருக்கிறது.

அன்பளிப்புப் பெஞ்சில் பெயர் எழுதி வைப்பார்கள். பெயிண்ட் உதிர்ந்தால் பெயரும் போய்விடும்.

கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பெண் பாஸ்புக்கில் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டால், அது உதிராது!