உங்களுக்குத் தெரியுமா? பெரிய ஏ, சின்ன ஏ

● உங்கள் கணினியில் பளிச்சென்று தெரிந்த இணையதளம், சர்வரில் ஏற்றியதும் பாதிப் படங்களைக் காட்ட மறுக்கிறதா? நிரலைக் குடைவதற்கு முன் ஃபைல் பெயர்களைப் பாருங்கள். நிரலில் ‘லோகோ’ என்பதைச் சின்ன எல் போட்டு எழுதியிருப்பீர்கள்; ஃபோல்டரில் இருக்கும் படத்துக்கோ பெரிய எல். விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது. வழக்கமான அமைப்பில் மேக்கும் கண்டுகொள்ளாது. இரண்டுமே நீங்கள் வைத்த பெயரை வைத்தபடியே காட்டும், தேடும்போது மட்டும் பெரிது சிறிது பார்க்காது. லினக்ஸ் கறார்: எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் அதே ஃபைல். இணைய சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ்தான். 404 வருவதற்கு இது போதும்.

● பெரிய ஏ-வுக்குக் கணினி வைத்திருக்கும் எண் 65, சின்ன ஏ-வுக்கு 97. வித்தியாசம் 32, இசட் வரை எல்லா எழுத்துக்கும் இதே 32தான். அதாவது ஒரே ஒரு பிட். 1963-இல் வந்த முதல் ஆஸ்கி அட்டவணையில் சின்ன எழுத்துகளே கிடையாது. அவை இடம்பிடித்தது 1967 திருத்தத்தில்.

● இணைய முகவரியின் முன்பாதிக்கு ஒரு சட்டம், பின்பாதிக்கு வேறொரு சட்டம். டொமைன் பெயரை எப்படி அடித்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். அதன்பின் வரும் சாய்கோட்டைத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. அங்கே முடிவெடுப்பது சர்வர். யூடியூப் வீடியோக்களின் 11 எழுத்து அடையாளத்தில் பெரிதும் சிறிதும் வெவ்வேறு எழுத்துகள். பெரியவை 26, சின்னவை 26, எண்கள் 10, சிறுகோடு, அடிக்கோடு எனக் கூட்டினால் 64 குறிகள் கிடைக்கின்றன. பேதம் பார்க்காவிட்டால் 38-ஓடு நின்றுபோகும்.

● செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் இணையப் பக்கத்தின் ஃபைல் பெயர் ‘திபுராஜெக்ட்’. இரண்டு சொற்களையும் ஒட்டி, டி-யையும் பி-யையும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். இன்று அதே பெயரை ஒரு குழுவில் வைத்தால் திருத்தச் சொல்வார்கள்: எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும், சொற்களுக்கு நடுவே சிறுகோடு போடு என்பார்கள். முகவரிகளில் அடிக்கோட்டைவிடச் சிறுகோடே நல்லது என்பது கூகுளின் பரிந்துரையும்கூட. நானும் அந்தக் கட்சிதான்.

● முகவரியைத் தப்பாக அடித்தவருக்குச் சரியான ஃபைலைத் தேடிக் கொடுக்க அப்பாச்சி சர்வரில் ஒரு துணைத்தொகுதி உண்டு. பெயர் ‘மாட் ஸ்பெலிங்’. இரண்டு எல் வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. எழுத்துப்பிழை திருத்தும் தொகுதியின் பெயரிலேயே எழுத்துப்பிழை!

● பிஎச்பி மொழியில் வேரியபிள் பெயர்களுக்குப் பேதம் உண்டு, ஃபங்ஷன், கிளாஸ் பெயர்களுக்கு இல்லை. அதற்காகக் கிளாஸ் பெயரை இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. இன்றைய பிஎச்பி திட்டங்களில் கிளாஸ்களை ஏற்றுவது ஆட்டோலோடர். அது கிளாஸ் பெயரிலிருந்தே ஃபைல் பெயரை அமைத்துக்கொண்டு தேடப் போகும். பிஎச்பி உலகம் பரவலாகப் பின்பற்றும் பிஎஸ்ஆர்-4 விதியும் கிளாஸ் பெயரைப் பேதத்தோடுதான் குறிப்பிட வேண்டும் என்கிறது. மொழி விட்டுக்கொடுத்ததை ஃபைல் சிஸ்டம் விட்டுக்கொடுப்பதில்லை. விண்டோஸில் பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் பழகியவர்கள் முதன்முறை சர்வரில் ஏற்றும்போது ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று முழிப்பதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

இதைவிட விசித்திரம் துருக்கிக்காரர்களுக்கு நேர்ந்தது. அவர்கள் எழுத்துமுறையில் ஐ இரண்டு, ஒன்றுக்குப் புள்ளி உண்டு, மற்றதற்கு இல்லை. வழக்கமான பெரிய ஐ-யைச் சிறிதாக்கினால் அவர்களுக்குப் புள்ளியில்லாத ஐ வரவேண்டும். பிஎச்பி கிளாஸ் பெயர்களைச் சின்ன எழுத்தாக்கித்தான் ஒப்பிடும். அந்த வேலைக்கு அப்போது சர்வரின் மொழி அமைப்பையும் கேட்டுக்கொண்டது. துருக்கிய அமைப்பில் பெரிய ஐ உள்ள பெயர்கள் எதிர்பாராத விதமாக உருமாறின. கண்ணெதிரே இருக்கும் கிளாஸையே காணவில்லை என்று பிஎச்பி சாதித்தது. பல ஆண்டுகள் இழுத்தடித்த இந்தப் பிழை, 2013-இல் வெளிவந்த 5.5 பதிப்பில்தான் ஒழிந்தது. அதுமுதல் பெயர் ஒப்பீட்டில் எந்த நாட்டு மொழி அமைப்பும் தலையிடுவதில்லை.

● மைஎஸ்கியூஎல்லில் டேபிள் பெயர்களுக்கு லினக்ஸில் பேதம் உண்டு, விண்டோஸில் இல்லை. டேபிள் வட்டில் ஃபைலாகக் கிடப்பதால் வந்த வினை இது. காலம் பெயர்களுக்கு எங்குமே பேதம் இல்லை. டேபிள் பெயர்களில் பேதம் பார்ப்பதா என்ற அமைப்பை 8.0 பதிப்பில் டேட்டாபேஸை முதன்முதலில் நிறுவும்போதே தீர்மானித்தாக வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை.

● விண்டோஸிலோ மேக்கிலோ ஒரு ஃபைலின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டு, நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட்டைக் கேளுங்கள். எதுவும் மாறவில்லை என்று சொல்லும். கிட்டின் சொந்தக் கட்டளையால் பெயர் மாற்றுவதே இதற்கு வழி. லினக்ஸ் கெர்னலின் மூல நிரலில் வேறு வகைச் சிக்கல். நெட்ஃபில்டர் பகுதியில் ஒரே பெயரில் இரண்டிரண்டு ஃபைல்கள் இருக்கின்றன, ஒன்று பெரிய எழுத்தில், மற்றது சின்ன எழுத்தில். நெட்வொர்க் பாக்கெட்டை அடையாளம் காண்பதற்குச் சின்னது, அதை என்ன செய்வது என்பதற்குப் பெரியது என்று அவர்களுக்குள் ஒரு மரபு. அந்த நிரலை விண்டோஸில் இறக்கினால் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

2014 டிசம்பரில் இதே பேதம் பாதுகாப்பு ஓட்டையாகவும் வெடித்தது. கிட் தன் அமைப்புகளைப் ‘புள்ளி கிட்’ என்ற ஃபோல்டரில் சின்ன எழுத்தில் வைத்திருக்கும். விஷமிகள் அதே பெயரில் ஒரு எழுத்தைப் பெரிதாக்கித் தங்கள் களஞ்சியத்துக்குள் ஒளித்துவைக்க முடிந்தது. கிட்டின் கண்ணுக்கு அது வேறு ஃபோல்டர், விண்டோஸுக்கும் மேக்குக்கும் அதேதான். இறக்கியவரின் அமைப்புக் கோப்பு மேலெழுதப்பட்டு, விஷமி எழுதிய கட்டளை அவர் கணினியிலேயே ஓடும். அவசரமாகத் திருத்தப் பதிப்புகள் வந்தன.

● ஆக்ஸ், கான், நல் ஆகியவை டாஸ் காலத்தில் சாதனங்களுக்கு ஒதுக்கிய பெயர்கள். துணை நிரல்களைப் போட்டுவைக்க ‘ஆக்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் திறந்தால், உங்கள் குழுவின் விண்டோஸ்காரர் அதை இறக்க முடியாமல் தவிப்பார்.

● ‘ரீட்மீ’, ‘மேக்ஃபைல்’ பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்குவது சும்மா இல்லை. 65 என்பது 97-க்கு முன்னால் வருவதால், எண் வரிசைப்படி அடுக்கும் பட்டியலில் அவை தலைப்பக்கம் நிற்கும்.

● ரூபி ஆன் ரெயில்ஸில் ஃபைல் பெயர்கள் சின்ன எழுத்தும் அடிக்கோடுமாக இருக்கும், உள்ளே கிளாஸ் பெயர்களில் சொல்லுக்குச் சொல் முதலெழுத்து பெரிது. ஒன்றிலிருந்து மற்றதை ரெயில்ஸே ஊகித்துக்கொள்ளும். ஜாவாவில் பப்ளிக் கிளாஸ் பெயரும் ஃபைல் பெயரும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும். ஜாவாஸ்கிரிப்டிலோ ‘எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்’ என்று ஒரு பெயர் உண்டு. அதில் எக்ஸ்எம்எல்லின் மூன்று எழுத்தும் பெரிது, எச்டிடிபியில் எச் மட்டும் பெரிது. ஒரே பெயருக்குள் இரண்டு கொள்கை! மாற்றினால் பழைய தளங்கள் படுத்துவிடும் என்பதால் அப்படியே நிற்கிறது.

● 2018-இல் விண்டோஸ் 10, தேவையான ஃபோல்டரில் மட்டும் பேதம் பார்க்க வழிசெய்தது. 2019-இல் லினக்ஸ் 5.2, தேவையான ஃபோல்டரில் மட்டும் பேதம் பார்க்காமலிருக்க வழிசெய்தது.

● தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே, நமக்கேன் கவலை என்கிறீர்களா? ‘கொடி’ என்று ஒரு படத்துக்குப் பெயர் வையுங்கள். ‘கொ’வின் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. இரண்டும் சமம் என்கிறது யூனிகோடு. லினக்ஸ் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுகிறது: முதலாவது 12 பைட், அடுத்தது 15, ஆகவே இரண்டும் வெவ்வேறு ஃபைல்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘கொடி’ பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாவற்றையும் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்குப் போன தமிழ்ப் பெயர்கள், சேர்த்து எழுதிய முகவரிக்கு அகப்படாமல் போனதற்கு அதுவே காரணம். அந்த 12 பைட்டும் முகவரிக்குள் நுழையும்போது பைட்டுக்கு மூன்று குறியாக விரிவதால், ‘கொடி’யை உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் 36 குறிகள் வந்து விழும்.