இருபத்தொன்றரை மணி நேரம்

கூலியும் கணக்கும் – 17

1954 மார்ச் 13. சிட்னியிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானம் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்க வந்தது. வழக்கத்தைவிடத் தாழ்ந்து வந்ததால் ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கடல் தடுப்புச் சுவரில் சக்கரம் இடித்தது. விமானம் புரண்டு தீப்பிடித்தது. இருந்த 40 பேரில் 33 பேர் இறந்தார்கள். பயணிகள் 31 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்த 31 பேரில் ஒருவர் எங்கள் செட்டிநாட்டு எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர். இறந்தபோது வயது 45. நான் சிறுமியாக இருந்த காலத்திலும் பள்ளத்தூரில் பெரியவர்கள் முகப்பில் உட்கார்ந்து அந்தச் சாவைப் பேசுவார்கள். பேச்சு கடைசியில் "விதி" என்ற சொல்லில் வந்து நிற்கும்.

பின்னாளில் அந்த விபத்து விசாரணையைப் பற்றிப் படித்தபோது ஒரு எண் என்னைப் பிடித்துக்கொண்டது. இறங்கும் நேரத்தில் கேப்டன் வேலைக்கு வந்து இருபத்தொன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் களைத்திருந்தார் என்பதை விசாரணை கணக்கில் எடுத்துக்கொண்டது. நம் மொழியில் தலையெழுத்துக்கும் சட்டத்துக்கும் ஒரே சொல்தான், விதி. முகப்பில் பேசியவர்கள் முதல் பொருளில் சொன்னார்கள். உலகெங்கும் விமானிகள் சங்கங்கள் இரண்டாவது பொருளுக்காக இன்றுவரை பேரம் பேசிக்கொண்டிருக்கின்றன.

சென்ற வாரம் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் செட்டியார் கடைகளில் வேலை பார்க்கப் போன மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் ஆகியோரின் சம்பளச் சீட்டுகளைப் பார்த்தோம். மூன்று வருடக் கணக்கு. முன்பணம் இவ்வளவு, மீதி கணக்கு முடித்து வந்தபின் இவ்வளவு. கணக்கு முடிந்தால் ஊர் திரும்பி ஓய்வு, பிறகுதான் அடுத்த பயணம். உழைப்பும் ஓய்வும் ஒரே தாளில் இருந்தன. விமானியின் ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் துணை விமானியாக இருக்கிறான். அவன் படிப்புக்கு வீட்டில் அரைக்கோடிக்கு மேல் செலவானது; ஒரு தோட்டம் கைமாறியது. கல்யாணத்துக்கு வந்திருந்தவனைப் பார்க்கப் போனேன். பந்தி நடக்கிறது, அவன் இரண்டாங்கட்டில் பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தவனிடம் கேட்டேன்.

"ஏன் தம்பி, லட்சத்துல சம்பளம் வாங்குறவுகளுக்கு எதுக்குச் சங்கம்னு ஊர்ல கேக்குறாகளே?"

"மாசச் சம்பளம்னு நெனைக்கிறாக ஆச்சி. எங்களுக்கு மணிக் கூலி. சக்கரத்துக்கு வெச்ச கட்டைய எடுத்ததுல இருந்து, திரும்பக் கட்டை வைக்கிற வரைக்குந்தான் பறக்குற நேரம். அதுக்கு முன்னாடி வந்து நிக்கிறது, எடையில காத்துக் கெடக்குறது எல்லாம் அந்தக் கணக்குல வராது."

இதில்தான் விஷயம் இருக்கிறது. பறக்கும் மணிக்குத்தான் பணம் என்றால், மழைக்காலத்தில் விமானம் குறைந்தாலும், நிறுவனம் விமானமே வாங்காவிட்டாலும் விமானியின் அடுப்பு அணைந்துவிடும். அதனால்தான் 'குறைந்தபட்ச உறுதி மணி' என்ற ஏற்பாடு. மாதம் இத்தனை மணி பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதற்கான கூலி உண்டு. டாட்டா குழுமத்திடம் போன பின் ஏர் இந்தியா 2023 ஏப்ரல் 17-இல் விமானிகளுக்குப் புதிய ஒப்பந்தத்தைக் கொடுத்தபோது சண்டை இதில்தான் வெடித்தது. உறுதி மணி 70-இலிருந்து 40 ஆனது. இன்னொரு பிரிவு அதைவிடக் கூர்மையானது. நான்கு வருடம் கமாண்டராக இருந்தவர் 'சீனியர் கமாண்டர்' ஆகி நிர்வாகத் தரப்பில் சேர்ந்துவிடுவார். பதவி உயர்வு போலத் தெரியும். நிர்வாகத்தைச் சேர்ந்தவர் சங்கத்தில் எப்படி இருக்க முடியும்? இது சங்கத்தைக் கரைக்கும் வழி என்று விமானிகள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட விமானிகள் கையெழுத்திட்டு ரத்தன் டாட்டாவுக்கே முறையிட்டார்கள். இரண்டு சங்கங்கள் சேர்ந்து நின்றன: பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன், பழைய ஏர் இந்தியா விமானிகளின் இந்தியன் பைலட்ஸ் கில்டு. இவை சேர்ந்து நின்றதே பெரிய செய்தி. 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. ஆனால் ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு விதச் சம்பளம் தொடர்ந்தது. 2011-இல் முதல் சங்கம் சம ஊதியம் கேட்டுப் பத்து நாள் நிறுத்தம் செய்தது. அங்கீகாரம் பறிபோனது. 2012-இல் இரண்டாவது சங்கம் 58 நாள் நிறுத்தியது. காரணம், புதிய ட்ரீம்லைனர் விமானத்தில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பயிற்சி கொடுத்தது. அதன் அங்கீகாரமும் போயிற்று. நூறு பேருக்கு மேல் வேலை நீக்கம். தன் பக்கத்து இருக்கைக்காரனுக்கு எதிராக நடத்திய அந்த 58 நாளை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை. பதினோரு வருடம் கழித்து இருவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது சங்கத்துக்கு இருந்த பலம் பாதியாகியிருந்தது.

2024 ஏப்ரலில் டாட்டா குழுமத்தின் இன்னொரு விமான நிறுவனமான விஸ்தாராவிலும் அதே 40 மணி வந்தது. விமானிகள் உடம்புக்கு முடியவில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. இந்த 'உடம்பு சரியில்லை' என்பது நம் நாட்டு விமானிகளின் பழைய ஆயுதம். 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் வைத்ததையொட்டி இருவர் நீக்கப்பட்டபோதும் இப்படித்தான் ஐந்து நாள் நின்றது. இருவரும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள்.

ஜெட்டில் இன்னொரு புண்ணும் இருந்தது. வெளிநாட்டு விமானிகள். உள்ளூரில் கமாண்டர் பற்றாக்குறை என்று சொல்லி அவர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப அரசு கெடு வைக்கும், கெடு நீளும், மறுபடி நீளும். 2017-இல் ஜெட் விமானிகள் சங்கம், மே 1 முதல் வெளிநாட்டு விமானியோடு பறக்காதீர்கள் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டது. இரண்டே வருடத்தில், 2019 ஏப்ரல் 17-இல், ஜெட்டே நின்றுபோனது. சம்பள பாக்கியோடு வீட்டுக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

இன்று வேலையை வெளியே கொடுப்பது வேறு வடிவம் எடுத்திருக்கிறது. ஆளைக் கொண்டுவர வேண்டாம்; விமானத்தை ஆளோடு சேர்த்தே வாடகைக்கு எடுக்கலாம். இதை 'டேம்ப் லீஸ்' என்கிறார்கள். விமானமும் விமானியும் பராமரிப்பும் அவர்களுடையவை, டிக்கெட்டும் வழித்தடமும் நம்முடையவை. இண்டிகோ 2023 முதல் துருக்கி விமான நிறுவனத்தின் இரண்டு போயிங் 777-களை இப்படி இஸ்தான்புல்லுக்கு ஓட்டியது. 2025 மே மாதம் இது நாடெங்கும் பேச்சானது. ஆனால் இந்திய-பாகிஸ்தான் மோதலில் துருக்கி பாகிஸ்தானுக்கு ஆதரவாக நின்றது என்ற கோபத்தில்தான் பேசினார்கள். அந்த இருக்கையில் உட்கார வேண்டிய விமானி யார் என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது எனக்கு வருத்தம்.

அமெரிக்க விமானிகள் இந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே வேலி கட்டினார்கள். எங்கள் நிறுவனத்தின் பெயரில், எங்களைத் தவிர வேறு யார், எத்தனை இருக்கை விமானம் வரை ஓட்டலாம் என்று எல்லை போடும் பிரிவு அது. சம்பளத்துக்கு இணையாக அதற்கும் மல்லுக்கு நிற்பார்கள். ஏன் என்பதற்கு 2009 பிப்ரவரி 12-ஐப் பார்க்க வேண்டும். பஃபலோ அருகே விழுந்த விமானத்தின் மேல் கான்டினென்டல் பெயர் இருந்தது. ஓட்டியது கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனம். 50 பேர் செத்தார்கள். துணை விமானிக்குக் கிடைத்த சொற்பச் சம்பளமும், வேலைக்கு வருவதற்காக அவர் சியாட்டிலிலிருந்து நாட்டின் குறுக்கே இரவெல்லாம் பயணம் செய்து வந்ததும் விசாரணையில் வெளிவந்தன. டிக்கெட் வாங்கியவர்கள் பெரிய பெயரை நம்பித்தான் ஏறினார்கள்.

நாமும் அப்படித்தான் ஏறுகிறோம். 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் 141 பேரோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடித்து, எரிபொருளைத் தீர்த்துவிட்டு, பத்திரமாக இறங்கியதே! சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் தொலைக்காட்சி முன் உட்காராத வீடு இல்லை. அன்று காக்பிட்டில் இருந்த இருவரும் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்க வேண்டும் என்றுதான் அத்தனை பேரும் விரும்பியிருப்போம்.

அந்தத் தூக்கத்துக்கான விதியை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவில் இறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டு. அந்த ஜூன் மாதமே வந்திருக்க வேண்டியது. நிறுவனங்கள் அவகாசம் கேட்க, தள்ளிப்போனது. சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தில் நின்றுதான் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு தவணையாக வாங்கின. ஏறக்குறைய இரண்டு வருட அவகாசம் இருந்தும், டிசம்பர் முதல் வாரம் இண்டிகோவிடம் போதுமான விமானிகள் இல்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. என்ன நடந்தது? இரவுப் பணி விதியிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தார்கள். ஆள் சேர்க்காதவரின் கடனைத் தூக்கத்திலிருந்து வசூலித்தார்கள். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

கல்யாண வீட்டுக்குத் திரும்புகிறேன். "எப்பத் தம்பி கெளம்புறே?" என்றேன். விரல் விட்டு எண்ணினான். வியாழன் மத்தியானம் சென்னையில் டூட்டி முடிந்தது. மாலைப் பல்லவனில் ஏறி இரவு காரைக்குடி. வெள்ளி முழுக்க இங்கே. சனி விடிகாலைப் பல்லவனைப் பிடித்தால் மத்தியானம் சென்னை, அத்தோடு 48 மணி முடிகிறது.

"முப்பத்தாறா இருந்திருந்தா, ராத்திரி வந்து வீட்ல தலைய வெச்சுட்டு, விடியமுன்ன ரயிலேறியிருக்கணும் ஆச்சி. தாலி கட்டுறதக்கூடப் பாத்திருக்க முடியாது."

அவனுடைய ஆத்தா மணகோலமும் சீப்புச் சீடையும் போட்ட டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டே, இன்னும் ஒரு மணி நேரம் தூங்கட்டும், பேச்சை நிறுத்துங்க என்று என்னைக் கையமர்த்தினார்.

(தொடரும்)