மாறிய கிருமியைப் பிடிப்பது எப்படி?

குட்டீஸ், காசநோய்க் கிருமி பெருகும்போது அதன் மரபணுவில் எப்போதாவது 'எழுத்துப்பிழை' விழும். அப்படி மாறிய சில கிருமிகளிடம் ரிபாம்பிசின் மருந்து பலிக்காது. நோயாளி மாத்திரையைச் சரியாகச் சாப்பிடாவிட்டால் இவை பெருகிவிடும்.

நுண்ணோக்கியில் எல்லாக் கிருமியும் ஒன்றுபோலவே தெரியும். பிறகு எப்படிப் பிடிப்பது?

மருந்து கலந்த ஊட்டப்பொருளில் கிருமியை வளர்ப்பார்கள். மருந்தையும் மீறி வளர்ந்தால் அது மாறிய கிருமி! ஆனால் முடிவு தெரியப் பல வாரம் ஆகும். 'ஜீன்எக்ஸ்பர்ட்' கருவியோ சளியிலுள்ள கிருமியின் மரபணுவில் அந்தப் பிழையைத் தேடி, சுமார் 2 மணி நேரத்தில் சொல்லிவிடும்.

சென்னையில் 1956ல் தொடங்கிய ஆய்வு மையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இத்தகைய சோதனைகள் அங்கும் நடக்கின்றன.

வீட்டில் யாருக்காவது 2 வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். டாக்டர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. சரியா?