கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?

கி.மு. 326-இல் அலெக்சாண்டர் பியாஸ் நதியோடு திரும்பிவிட்டார் என்று பள்ளியில் நாமெல்லாம் படித்திருக்கிறோம். அவர் திரும்பிப் போன வழியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கென்னவோ அதுதான் பெரிய பாடம்.

ஊருக்குப் போகையில் இரண்டு ராத்திரி ரயிலுக்குப் புளியோதரை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று வீட்டில் போடுகிற கணக்குதான் இது. பொதிக்குதிரை ஏறக்குறைய 100 கிலோ சுமக்கும். நாளொன்றுக்கு அதற்கே நாலைந்து கிலோ தானியம் வேண்டும். இருபது நாளில் மூட்டை காலி. வீரனுக்கு ஒரு பிடி மிஞ்சாது. பாலைவனமென்றால் தண்ணீரையும் சுமக்கணும். தினம் சுமார் 30 லிட்டர். மூன்றே நாள்! ஆகவேதான் பெரும்படைகள் ஆற்றையும் கடற்கரையையும் விளைந்த வயல்களையும் விட்டு விலக அஞ்சின.

அலெக்சாண்டருக்கு இது தெரியாததல்ல. கி.மு. 325-இல் சிந்து முகத்துவாரத்திலிருந்து நியார்கஸ் தலைமையில் கப்பல்களை அனுப்பவும், தாம் இன்றைய பலூசிஸ்தானின் மக்ரான் வழியே படையோடு போய்க் கப்பல்களுக்காகக் கிணறு தோண்டித் தானியம் சேர்த்து வைக்கவும் ஏற்பாடு. தென்மேற்குப் பருவக்காற்று கப்பல்களைத் தாமதப்படுத்தியது. மலைகள் படையைக் கரையிலிருந்து உள்ளே தள்ளின.

நடந்ததை அரியன் எழுதியிருக்கிறார். கரைக்கு அனுப்ப ராஜமுத்திரை இட்டு வைத்த தானியத்தைக் காவலர்களே உடைத்துத் தின்றார்கள். பசிக்கொடுமை என்றறிந்து மன்னர் மன்னித்தார். பிறகு பொதிமிருகங்களையே அறுத்துத் தின்றுவிட்டு, தாகத்தில் செத்துப்போச்சு என்றார்கள். அவர் தெரியாததுபோல் இருந்துவிட்டார். வண்டி இழுக்க மிருகமில்லாமல் நோயாளிகளை வழியிலேயே விட்டார்கள். பூரா நகரம் சேர 60 நாள் ஆயிற்று. இத்தனைக்கும் அந்தப் பாலையில் எதிர்த்து நிற்க ஒரு படைகூட இல்லை.